நான்கு பெயருக்கு ஒரே குரல்

திண்டிவனம் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் தெருவில், ஒரு தையல் கடைக்கும் ஒரு காயலான் கடைக்கும் நடுவில் அமலோற்பவமேரியின் எஸ்.டி.டி. பூத் இருந்தது. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, பில் அடிக்கும் மெஷின், உயரம் குறைத்துப் போட்ட ஒரு நாற்காலி. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததால் இடக்காலில் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டிருந்தார். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் 1993-இல் அவருக்கு அந்த பூத் கிடைத்தது. ஓமந்தூரிலிருந்து வந்து பூத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியேறினார். ஒன்பதாவது பாதியில் படிப்பு நின்றிருந்தது. கால் காரணமில்லை, அந்த வருஷம் அப்பா இறந்துபோனார்.

பூத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போனில் பேச வராது. ரிசீவரைக் காதில் வைத்ததும் சிலர் கத்துவார்கள். சிலருக்குக் குரலே எழும்பாது. "நீயே சொல்லிடும்மா" என்று ரிசீவரை நீட்டிவிடுவார்கள். பம்பாயிலிருக்கும் மகனுக்கு மாடு கன்று போட்ட சேதியையும், பெங்களூர்ச் சித்தாளுக்கு ஊரில் பெண் பார்த்திருக்கும் சேதியையும் அமலோற்பவமேரிதான் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். சொல்லச் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். பூத்தில் கேட்டதை வெளியே விடமாட்டார். "மாதா மேல சத்தியம்" என்று ஒருமுறை சொன்னால் அவருக்கு அது போதும், கேட்டவருக்கும் போதும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாசிலாமணி ஒரு தாளைக் கொண்டுவந்து கண்ணாடிக் கூண்டில் ஒட்டிவிட்டுப் போனார். பக்கத்துக் கல்லூரியில் சனி, ஞாயிறுகளில் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் நடந்தது. அதில் அவர் உதவியாளர். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும் தபாலில் பாடப் புத்தகம் வாங்கிப் படித்துப் பரீட்சை எழுதுவார்கள். புத்தகம் புரியாதவர்களுக்காகப் பல்கலைக்கழகம் வீடியோ கேசட்டுகள் அனுப்பும். அவற்றைப் போட்டுக் காட்ட மையத்தில் ஒரு டி.வி. உண்டு, மரப்பெட்டிக்குள் பூட்டி, சாவியை மாசிலாமணி அரைஞாணில் முடிந்து வைத்திருப்பார். இதெல்லாம் போக ரேடியோவிலும் ஒரு மணி நேரம் வாங்கியிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஓர் ஆசிரியர் நிலையத்தில் உட்கார்ந்து பாதி நேரம் பாடம் சொல்வார். மீதி நேரம் யார் வேண்டுமானாலும் போன் செய்து சந்தேகம் கேட்கலாம். நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டால் நிலையத்திலிருந்தே திரும்பக் கூப்பிடுவார்கள். எந்த வாரம் என்ன பாடம் என்பதுதான் மாசிலாமணி ஒட்டிய தாளில் இருந்தது.

"எவனும் போன் பண்ண மாட்டன்றான்மா" என்றார் மாசிலாமணி. "வாத்தியாரு அங்க ஒக்காந்துகினு காத்துகினே இருக்காரு. அப்புறம் வீணை வாசிக்கிறதப் போட்டு ஓட்றாங்க."

முதலில் போன் செய்தவர் பக்கத்துத் தையல் கடைத் துரைக்கண்ணு. ஐம்பது வயதுக்காரர். மகன் படித்து வேலைக்குப் போனபின் சரித்திரம் படிக்க ஆசைப்பட்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தார். அதை அமலோற்பவமேரியிடமும் மாசிலாமணியிடமும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால், காஜா எடுக்கிறவனுக்குப் பட்டம் எதற்கு என்று தெரு சிரிக்கும் என்பது அவர் எண்ணம். அவருக்குத் திக்குவாய். ஆனால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பேசினால் ஒரு சொல்கூடத் தட்டாது. மிதிக்கும் தாளத்தில் கேலி, கிண்டல், வம்பு எல்லாம் சரளமாக வரும். காலை நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும்.

பூத்தில் மெஷின் இல்லை. நிலையத்திலிருந்து மணி அடித்தது. "வணக்கம், எங்கிருந்து பேசுறீங்க?" என்று நிகழ்ச்சி நடத்துகிறவர் கேட்டார். துரைக்கண்ணு "தி... தி..." என்று ஆரம்பித்து ஊரின் பெயரிலேயே மாட்டிக்கொண்டார். ரேடியோவில் மௌனம் ஓடக் கூடாது. "இணைப்பு சரியில்லைன்னு நினைக்கிறேன், மீண்டும் முயற்சி பண்ணுங்க" என்று எதிர்முனை வைத்துவிட்டது. துரைக்கண்ணு ரிசீவரைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார். கடைக்குப் போய் யாருக்கும் தேவையில்லாத ஒரு துணியை வெகுநேரம் தைத்தார்.

அடுத்த ஞாயிறு அமலோற்பவமேரி அவரிடம் போனார்.

"அண்ணே, கேள்விய என்கிட்ட சொல்லு. நான் கேக்கறேன்."

துரைக்கண்ணு மெஷினை மிதித்தார். "என் பேரச் சொல்லாத. தெருவே ரேடியோ கேக்குது."

"என் பேரச் சொன்னா நான் படிக்கிறேன்னு ஆயிடும்."

"அப்போ எவளோ ஒருத்தி பேரச் சொல்லு. மயிலம் பூங்கோதைன்னு சொல்லு."

"யாருண்ணே அது?"

"எனக்கு இன்னா தெரியும்? நல்லாருக்குல்ல?"

அப்படித்தான் மயிலம் பூங்கோதை வானொலியில் பேசினார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கலகம் செய்ததற்குப் புதுத் தலைப்பாகை ஒரு காரணம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு தலைப்பாகைக்கா அவ்வளவு கோபம், அதில் அப்படி என்ன வைத்துத் தைத்திருந்தார்கள் என்பது கேள்வி. ஆசிரியர் உற்சாகமாகிவிட்டார். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் இருந்ததைச் சொல்லி, உடுப்புக்கும் மானத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நேரம் முடியும்வரை பேசினார். பூத்துக்குள் ரேடியோ வைத்தால் போனில் ஊளைச் சத்தம் வரும் என்பதால் ரேடியோவைத் தையல் கடையில் வைத்திருந்தார்கள். பதில் ஓடிய நேரமெல்லாம் துரைக்கண்ணு மெஷினை நிறுத்திவிட்டு, கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

மாசிலாமணி மூலம் விஷயம் இன்னும் இரண்டு பேருக்குப் போனது.

ஒருவர் பத்மாம்பாள். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்தில் பிறந்து திண்டிவனத்தில் நெல் மண்டிக்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். வணிகவியல் படிப்பது கணவருக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் ராச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும்; விளக்கு வைத்தபின் யாரும் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். அதனால் அவர் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். பதிலைக் கேட்ட கையோடு வீட்டுக்கு ஓடுவார்.

இன்னொருவர் அக்னஸ், விழுப்புரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியின் ஆசிரியை. கணக்கில் இரண்டு தடவை தவறியவர். பள்ளி இருக்கும் தெருவில் போன் செய்தால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, பாசஞ்சர் ரயில் ஏறித் திண்டிவனம் வருவார்.

பத்மாம்பாளுக்குச் செஞ்சி கனகவல்லி என்றும் அக்னஸுக்கு ஒலக்கூர் தமிழரசி என்றும் பெயர் வைத்தார்கள். கனகவல்லி வேகமாகப் பேசுவார். தமிழரசி ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் ஒரு தடவை இருமுவார். பூங்கோதை நிதானம். எல்லாம் அமலோற்பவமேரியின் தொண்டைதான். அவர் பேசும்போது கேள்விக்குச் சொந்தக்காரர் தையல் கடையில் ரவிக்கைத் துணியோடு நிற்பார். பார்க்கிறவர்களுக்கு அளவு கொடுக்க வந்தவர்போலத் தெரியும்.

"இந்த ஜாக்கெட்டுக்கு எத்தினி வாட்டிதான் அளவு எடுக்கறது?" என்பார் துரைக்கண்ணு, நிகழ்ச்சி தொடங்குமுன் மெஷினை மிதித்துக்கொண்டு. "துணி கிழிஞ்சிபோச்சுன்னா பட்டம் வந்துடும்போல."

கனகவல்லி ஒருமுறை தராசுக்குத் தேய்மானம் எழுதுவது எப்படி என்று கேட்டதை மண்டியில் பத்மாம்பாளின் மாமனாரும் கேட்டிருக்கிறார். "பாரு, எவளோ நம்ம மண்டிக்குள்ள ஒக்காந்துகினு கேக்கறா மாதிரியே கேக்கறா" என்று கூலியாட்களிடம் சொல்லி வியந்தாராம். அன்று பத்மாம்பாள் சாதத்தைக் குழைய விட்டுவிட்டாராம்.

நாலாவதாக ஒரு பெயரும் உண்டு. ஒரு ஞாயிறு யாரும் வரவில்லை, துரைக்கண்ணுவும் வெளியூர் போயிருந்தார். ஆசிரியர் காத்திருந்தார், வீணை ஆரம்பித்தது. அமலோற்பவமேரி தானாகவே போனை எடுத்து நம்பரைச் சொன்னார். மணி அடித்ததும், ஓமந்தூர் விசாலாட்சி பேசுவதாகச் சொல்லி, பத்தாவதுகூட முடிக்காதவர்கள் சேர முடியுமா, வயது அதிகமானவர்களைச் சேர்ப்பார்களா என்று கேட்டார். "எனக்கு இல்லீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தருக்காகக் கேக்கறேன்" என்றும் சொன்னார். முதலில் ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்று உண்டு, அதை முடித்தால் பட்டப்படிப்பில் சேரலாம், வயது தடையில்லை என்று நிகழ்ச்சி நடத்துகிறவர் சொன்னார். "அவங்களை அவசியம் வரச் சொல்லுங்க" என்றார். அமலோற்பவமேரி "சொல்றேங்க" என்று வைத்துவிட்டார். அதைப்பற்றி அப்புறம் யாரிடமும் பேசவில்லை.

இரண்டாயிரத்து ஒன்று கார்த்திகையில் மாசிலாமணி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"பேஜாராயிடுச்சும்மா. மெட்ராஸ்லருந்து ஆபீசரு வர்றாராம். அதான், ரேடியோல வணக்கம் சொல்றாரே சீனுவாசன், அவரேதான். போன் எல்லாம் ஒரே நம்பர்லருந்து வருதாம். எவளோ ஒருத்தி வெளையாட்டா பேசிகினு இருக்கான்னு மேல எழுதிட்டாங்களாம். நெசமா நேயருங்க இல்லன்னா தமிழ் நிகழ்ச்சியே வேணாம், டெல்லி நிகழ்ச்சிய அந்த நேரத்துல போட்டுக்கறோம்னு சொல்றாங்களாம். சனிக்கெழம நேயர் சந்திப்பு. நாலு பேரும் நேர்ல வரணுமாம்."

"வேற ஊருங்கள்லருந்து யாரும் போன் பண்றதில்லையா?"

"அவங்க பண்ணா நான் ஏன் இங்க நிக்கறேன்?" மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் இல்லம்மா. நம்ம தெருப் பொண்ணுங்க நாலு பேர ஒக்கார வெச்சிடலாம். பேரக் கூப்ட்டா எழுந்து நிக்கட்டும். டீயும் போண்டாவும் குடுத்தா வருவாளுங்க."

"பேருதான் பொய்யி. ஆளும் பொய்யா?" என்றார் அமலோற்பவமேரி. "கேள்வி நெசம் மாசிலாமணி. கேட்டவங்க நெசம்."

"அப்போ அவங்களக் கூட்டியா."

அதுதான் முடியாதது. மூன்று பேருக்கும் மாதாமேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அவர்கள் யாரென்று ஆபீசரிடம் சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போகும். ஒவ்வொருவரிடமும் விஷயத்தை மட்டும் சொன்னார், வரச்சொல்லிக் கேட்கவில்லை. அக்னஸ் "ஐயோ அக்கா, ஸ்கூல்ல தெரிஞ்சா அவ்ளோதான்" என்று கண் கலங்கினார். பத்மாம்பாள் ரவிக்கைத் துணியை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்தார். துரைக்கண்ணு மெஷினை மிதித்தார். மிதித்தபோதும் பேசவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சந்திப்பு என்றார்கள். சீனுவாசன் வந்த பேருந்து மேல்மருவத்தூர் நெரிசலில் நின்றுவிட்டதால் மையத்து அறைக்குள் அவர் நுழையும்போது நாலரை தாண்டிவிட்டது. டி.வி. பெட்டிக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாணவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. மூன்று பேரும் வந்திருந்தார்கள், ஆனால் மூன்று மூலையில், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல. அமலோற்பவமேரி வாசல் பக்கம் சுவரோடு இருந்தார்.

சீனுவாசன் ஒல்லியான ஆள். ரேடியோவில் கேட்கும் கனத்த குரல் அந்த உடம்பிலிருந்து வந்தது எல்லோருக்கும் வியப்பாக இருந்தது.

"ஒரே நம்பர், ஒரே குரல்னு புகார்" என்றார். "எனக்கும் குரல் ஒண்ணு மாதிரிதான் பட்டுது. ஆனா கேள்விங்க ஒருத்தரோடது மாதிரி படல. தலைப்பாகையப் பத்திக் கேட்டவங்களும் தராசப் பத்திக் கேட்டவங்களும் ஒரே ஆளா இருக்க முடியாது. அதான் நானே வந்தேன். செஞ்சி கனகவல்லி யாரு?"

யாரும் எழவில்லை. அமலோற்பவமேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீனுவாசன் மறுபடியும் கேட்டார். வேறு பெயரையும் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, மாசிலாமணி கொண்டுவந்த டீயைக் குடித்தார். குடித்துவிட்டு, வருத்தத்தோடு பைக்குள் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார்.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் டி.வி. பெட்டியின் காலிலிருந்து பூட்டுவரை ஏறிவிட்டது. பத்மாம்பாள் ஜன்னலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். விருட்டென்று எழுந்தார்.

"சார், கனகவல்லி நான்தாங்க. தராசுத் தேய்மானம் நான் கேட்டதுதான். எதுனா கேக்கணும்னா ஜல்தி கேட்டுடுங்க, பொழுது எறங்குது, மாமனாருக்குச் சோறு போடணும். இதுக்குமேல போனா எங்க வீட்ல எல்லாரும் பட்டினி."

அறை முழுக்கச் சிரித்தது. சீனுவாசனும் சிரித்துவிட்டார். கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "பதில் புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுதுங்க. பாஸும் பண்ணிட்டேன். வர்றேங்க." செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் அமலோற்பவமேரியின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ஓடினார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்னஸ் எழுந்துவிட்டார். இப்போது எழாவிட்டால் எப்போதும் எழ முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும். "தமிழரசி நான் சார். மைனஸையும் மைனஸையும் பெருக்குனா ஏன் பிளஸ் வருது, விதின்னு சொல்லாம வெளக்குங்கன்னு கேட்டது நான்தான். கணக்குல ரெண்டு வாட்டி பெயிலு" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"மயிலம் பூங்கோதை?"

எழுந்தவர் துரைக்கண்ணு. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கொல்லென்று சிரிப்பு. பின்வரிசையில் யாரோ, "பூங்கோதைக்கு மீச நல்லாருக்குபா" என்றார். துரைக்கண்ணு வாயைத் திறந்தார். "நா... நா..." சிரிப்பு இன்னும் கூடியது. அமலோற்பவமேரிக்கு அண்ணே, ஒக்காந்துக்கோ என்று சொல்ல வாய் வந்தது.

துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். வலது பாதத்தைத் தரையில் அழுத்தினார். குதிகால், முன்பாதம், குதிகால், முன்பாதம். இல்லாத மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். தாளம் பிடித்ததும் பேசினார்.

"நான் தையக்காரன் சார். தலைப்பாகைக் கேள்வி என்னோடது. மொதல்ல நானேதான் போன் பண்ணேன். லைன் சரியில்லன்னு நீங்க வெச்சிட்டீங்க. லைன் நல்லாத்தான் இருந்தது. அதுக்கப்புறம் எங்களுக்கோசரம் பேசனது ஒருத்தங்க. நாங்க சொன்னதுக்கு ஒரு வார்த்த கூடச் சேத்ததில்ல. எங்க பேர இன்னிக்கி வரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சீனுவாசன் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சிக்குங்கண்ணே" என்றார். அந்தக் கனத்த குரல் சின்னதாகியிருந்தது.

அப்புறம் கடைசிப் பெயரைச் சொன்னார். "ஓமந்தூர் விசாலாட்சி?"

மாசிலாமணி அக்னஸைப் பார்த்தார். அக்னஸ் துரைக்கண்ணுவைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

"அவங்க வர்லீங்க" என்றது வாசல் பக்கத்துக் குரல்.

சீனுவாசன் நிமிர்ந்தார். வாரா வாரம் காதுக்குள் கேட்ட குரல். "அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்தாங்களா? வரச் சொல்லுங்கன்னு சொன்னேனே?"

"பக்கத்து வீடா?" துரைக்கண்ணுவின் கால் இன்னும் நிற்கவில்லை. "சார், அவங்களுக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் காயலான் கடை. பின்னால வேலிகாத்தான். வீடே கெடையாது." சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே புரிந்தது. "ஏம்மா மேரி, எனக்குக்கூடச் சொல்லலயே நீ" என்றார் மெதுவாக.

அமலோற்பவமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார். மற்றவர்களின் ரகசியத்தை வைத்திருந்த அளவுக்குத் தன்னுடையதை வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. "ஒம்பதாவது பாதில நின்னதுங்க" என்று மட்டும் சொன்னார்.

நிகழ்ச்சி நிற்கவில்லை. சீனுவாசன் மேலே என்ன சொன்னாரோ தெரியாது. ஆனால் அதற்கப்புறம் எவர் பேசத் தடுமாறினாலும் "அவசரமில்லை, நிதானமாச் சொல்லுங்க" என்று நிலையத்தில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் பத்மாம்பாளின் மாமனார் மண்டிக் கணக்கை மருமகளிடம் ஒப்படைத்தார். தராசுக்குத் தேய்மானம் எழுதியிருக்கிறதா என்று வருஷா வருஷம் கேலி செய்வார். அக்னஸ் மூன்றாவது தடவையில் கணக்கில் தேறினார். போகப்போகக் கட்டணமில்லாத எண் வந்தது, கையில் செல்போன் வந்தது, அவரவர் வீட்டிலிருந்தே பேசினார்கள். பூத் ஜெராக்ஸ் கடையானது. 2009-இல் அமலோற்பவமேரி பட்டம் வாங்கினார். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டவில்லை. கடையில் இருந்த மெஷினிலேயே ஒரு நகல் எடுத்து, மாசிலாமணி தாள் ஒட்டிய அதே கண்ணாடியில் ஒட்டினார்.

ஆனால் அவரிடம் கேட்டால் அதையெல்லாம் சொல்ல மாட்டார். ஆயத்தப் படிப்பில் சேர்ந்தபின் வந்த முதல் ஞாயிற்றைத்தான் சொல்வார். அன்று கேள்வி அவருடையது. பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். மணி அடித்தது.

"வணக்கம். யார் பேசுறீங்க?"

"அமலோற்பவமேரி."

"எங்கிருந்து?"

"திண்டிவனம்."

"கேள்வியச் சொல்லுங்க."

கேள்வி போய்விட்டது. இத்தனை பேருக்காகப் பேசிய வாய், தனக்கென்று வந்ததும் ஒட்டிக்கொண்டது. எதிர்முனை வைக்கவில்லை, காத்திருந்தது. மௌனம் ஊரெல்லாம் ஓடியது.

அந்த ஒரு மணி நேரம் தையல் கடையில் மெஷின் ஓடக் கூடாது என்பது வழக்கம். அன்று பக்கத்துக் கடையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. துணியில்லாமல், நூலில்லாமல், சீராக.

"அங்க என்னம்மா சத்தம்?" என்று கேட்டார் சீனுவாசன்.

"தையல் மெஷின் சார்" என்றார் அமலோற்பவமேரி. அந்தத் தாளம் காதில் விழுந்துகொண்டிருக்கையிலேயே கேள்வியைச் சொல்லத் தொடங்கினார்.